தாம்பரத்துக்கு அப்பால் ஒரு சிறிய வீடு

'பங்களா' என்னும் சொல்லைக் கேட்டவுடனே நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஒரு பெரிய இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு நாய். நாய்க்குப் பின்னால் ஒரு காவல்காரன். அவனுக்கும் அப்பால், குரோட்டன்ஸ் தொட்டிகளையெல்லாம் தாண்டி, எங்கேயோ ஒரு வீடு. பங்களாவில் குடியிருப்பவன் பெரிய மனிதன் என்பது நம்மவர்களின் தீர்ந்த அபிப்பிராயம். ஆனால் சீமையிலே இந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய நேர்மாறான பொருள் ஏற்பட்டுவிட்டது. வங்காளத்துக் குடியானவனுடைய தாழ்ந்த கூரை வீட்டைக் கண்டு, 'வங்காளத்து வீடு' என்ற அர்த்தத்திலேயே ஆங்கிலேயர்கள் அதற்குப் பெயர் வழங்கினார்கள். பிறகு அந்தப் பெயரையும் வீட்டின் மாதிரியையும் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டு போய், 1870-ம் வருஷத்தை ஒட்டிக் கெண்ட் பிரதேசத்துக் கடற்கரையில் கட்டத் தொடங்கினார்கள். இன்று அந்த நாட்டில் பங்களா என்றால் மாடிப்படி இல்லாத ஒற்றைத்தள வீடு. முழங்கால் வலி கண்ட தம்பதிகள், குழந்தைகள் பறந்து போன பின் பெரிய வீட்டை விற்றுவிட்டு, மிச்சக் காலத்தைக் கழிக்கப் போய்ச் சேருகிற இடம் அது.

இந்தக் கட்டுரையில் நான் பேசப் போவது சீமைப் பங்களாவைப் பற்றி. அதாவது சிறிய வீட்டைப் பற்றி. 'சின்ன வீடு' என்று எழுதலாந்தான். ஆனால் வயது சென்ற ஒருவர், "நான் ஒரு சின்ன வீடு பார்த்துக் கொண்டிருக்கிறேன்" என்று தமிழ்நாட்டில் உரக்கச் சொன்னால் என்ன விபரீதம் விளையும் என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. ஆகையால் 'சிறிய வீடு' என்றே வைத்துக் கொள்வோம்.

சென்னைப் பட்டணத்தில் இந்த ஆசை இப்போது பலரைப் பிடித்திருக்கிறது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நாற்பது வருஷங்களுக்கு முன்பு, பி.எப். கடன் வாங்கி, மனைவியின் வளையலை விற்று, கீழும் மேலுமாக வீடு கட்டியவர்கள் பலர். மாடியில் இரண்டு அறை மகனுக்கு, ஒன்று மகளுக்கு. மகன் கடல் கடந்து போய்விட்டான்; மகள் வேறொரு மாகாணத்தில் இருக்கிறாள். மாடி அறைகளில் பழைய பாடப் புத்தகங்களும் பல்லிகளும் வசிக்கின்றன. கீழே இருவர், அவர்களில் ஒருவருக்கு மாடிப்படி ஏறக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. இந்த நிலையில், "இந்த இடத்தை விற்றுவிட்டு, தாம்பரத்துக்கு அப்பால் ஏதாவது அமைதியான கிராமத்தில் சிறியதாக ஒரு வீடு வாங்கினால் என்ன?" என்ற கேள்வி ஒரு நாள் காப்பி வேளையில் கிளம்புகிறது.

ஏன் தாம்பரம் என்று கேட்கலாம். இந்த ஆசை இந்தத் தலைமுறையில் பிறந்ததன்று. தாம்பரத்தின் காற்றுக்கு ஒரு காலத்தில் மருந்து என்றே பெயர். 1928-ம் வருஷத்தில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பவர் க்ஷயரோகிகளுக்கென்று ஓர் ஆரோக்கிய ஸ்தலத்தை அங்கே மலையடிவாரத்தில் ஏற்படுத்தினார். சுத்தமான காற்றும், வெயிலும், ஓய்வுமே அந்த நோய்க்குச் சிகிச்சை என்றிருந்த காலம் அது. 1937-ல் அதைச் சர்க்கார் ஏற்றுக் கொண்டார்கள். 'தாம்பரம் சானடோரியம்' என்ற ரயில்வே ஸ்டேஷனின் பெயரில் அந்தக் கதை இன்னும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. இடையே 1931-ம் வருஷம் மே மாதத்தில், தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கலாசாலை ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு, சேலையூர்ப் புதர்க்காட்டுக்கு ஜாகை மாற்றிக் கொண்டது. ரசாயனப் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தின் மரங்களைத் தம் சொந்தக் குழந்தைகளைப் போல் வளர்த்தார்கள் என்பது பிரசித்தம். அந்தச் சோலையில் இன்றும் மான்கள் திரிகின்றன.

இப்படியாகக் காற்றுக்காக நோயாளியும், இடத்துக்காகக் கலாசாலையும் போனார்கள். மின்சார ரயில் ஓடியதனால் பட்டணத்துக் குமாஸ்தாவும் அங்கே போனார். குமாஸ்தா போன இடத்தில் மளிகைக் கடை வந்தது. கடை வந்த இடத்தில் பஸ் நின்றது. இன்றைய சங்கதி என்ன? 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 2023-ம் வருஷக் கடைசியில் தென் மாவட்டங்களுக்குப் போகும் பஸ்களுக்கென்று கிளாம்பாக்கத்தில் மாபெரும் நிலையம் திறந்தார்கள். அமைதியைத் தேடித் தெற்கே போகிறவருக்கு முன்னால், அமைதி ஒரு ஸ்டேஷன் தூரம் ஓடிக் கொண்டேயிருக்கிறது. பெருங்களத்தூரில் இறங்கினால், "அது வண்டலூரில் இருந்ததே!" என்கிறார்கள். வண்டலூரில் கேட்டால் ஊரப்பாக்கம், ஊரப்பாக்கத்தில் கேட்டால் கூடுவாஞ்சேரி. இன்று நிசப்தமாக இருக்கும் தெருவுக்காக அதிக விலை கொடுப்பவர், பத்து வருஷத்தில் அந்தப் பணத்தை இழந்தவரே ஆவார் என்பது என் கட்சி. சப்தம் எப்படியும் வரும். வந்தால் ஜன்னலைச் சாத்திக் கொள்ளலாம். சாத்த முடியாத வேறு விஷயங்கள் இருக்கின்றன.

அவற்றை நான் கற்றுக் கொண்டது, எங்கள் பள்ளிக்கூடத்தில் என் காலத்துக்கு முன்பிருந்து வேலை பார்த்து, ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியருடன் வீடு பார்க்கப் போனதனால். அவருக்கு வயது எழுபத்தொன்று. அவர் மனைவிக்கு அறுபத்தேழு. மகனும் மகளும் வெளியூர். மேற்கு மாம்பலத்தில் மாடி வீடு. தஸ்தாவேஜுகளை வாசிக்கவும், தரகர்களுடன் பேசவும் கூட ஓர் ஆள் வேண்டும் என்று, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுதானே?" என்றார். ஆசிரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பதை இன்னும் நம்புகிற ஓர் ஆசிரியர் அவர் ஒருவர்தான். போனேன். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

முதலில் முடிச்சூர்ப் பக்கம் ஒரு வீடு. புத்தம் புதிதாக வர்ணம் அடித்து, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, கல்யாணப் பெண்ணைப் போல் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் ஒரு முருங்கை. விலையும் மற்ற இடங்களைவிடக் குறைவு. ஐயா மயங்கிவிட்டார். அம்மா மாத்திரம் கூடத்தின் நடுவில் நின்று சுவர்களையே பார்த்துக் கொண்டிருந்தார். "மின்சார ஸ்விட்சுகளெல்லாம் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கின்றன?" என்று கேட்டார். வாஸ்தவமாகவே ஒவ்வொரு பிளக்கும் மார்பளவுக்கு மேலே இருந்தது. வாசலில் மீட்டர் பெட்டியோ தலைக்கு மேலே தொங்கியது. "குழந்தைகள் கை வைக்காமல் இருக்கத்தான், அம்மா!" என்றார் தரகர். அடுத்த வீட்டுக் கிழவி வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன கமிஷன் கொடுத்தாலும் தகும்.

2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதியை அந்தப் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். அன்று காலை தொடங்கி மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. சென்னையில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையே சராசரி 140 சென்டிமீட்டர்தான்; அதில் மூன்றிலொரு பங்கு ஒரே நாளில் கொட்டிவிட்டது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் தெருக்களில் படகு ஓடிற்று. எட்டு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வரதராஜபுரத்திலும் முடிச்சூர்ப் பக்கத்திலும் வெள்ளம் வந்து நின்றது. இதற்குக் காரணம் அந்த ஊர்களின் பாவ புண்ணியம் அல்ல, அடையாறு. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அந்த ஆறு, மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை என்று வந்துதான் பட்டணத்துக்குள் நுழைகிறது. கோடையில் பார்த்தால் ஒரு சாக்கடை மாதிரி இருக்கும். அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, "ஆறு எங்கே?" என்று கேட்பவர்களும் உண்டு.

ரயில் பாதைக்கு மேற்கே இப்படியென்றால், கிழக்கே வேறொரு கணக்கு. அங்கே ஆறு இல்லை. ஏரிகள் ஒன்றுக்கொன்று கை கோத்துக் கொண்டிருக்கின்றன. சிட்லபாக்கத்து ஏரியின் உபரித் தண்ணீர் செம்பாக்கத்துக்கு. செம்பாக்கத்துக் கலங்கலில் வழிவது நன்மங்கலத்துக்கு. அங்கிருந்து கீழ்க்கட்டளை வழியாகக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. நம் முன்னோர்கள் ஏரிகளை மாலையாகக் கட்டினார்கள். நாம் ஏரிகளை விட்டுவிட்டு நூலை அறுத்தோம். அதாவது வாய்க்கால்களின் மேல் வீடு கட்டினோம். பழைய வழியை ஜனங்கள் மறந்தாலும் தண்ணீர் மறப்பதில்லை.

சிறிய வீடு தேடுகிறவருக்கு இங்கே ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. அதை எந்தத் தரகரும் எடுத்துச் சொல்வதில்லை. மாடிப்படி இல்லாத வீடு முழங்காலுக்கு நல்லது. ஆனால் வெள்ளம் வந்த இரவில் ஏறி நிற்பதற்கும் அந்த வீட்டில் மாடி இல்லை. இளம் வயதினர் கழுத்தளவு தண்ணீரில் நடந்து போய்விடுவார்கள். எழுபது வயதுக்காரர் என்ன செய்வார்? ஆகையால் ஒற்றைத்தள வீடு வாங்குகிறவர், மாடி வீடு வாங்குகிறவரைவிட இரண்டு பங்கு கண்டிப்பாக நிலத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். கோடையில் வீடு பார்ப்பது பெண்ணை மேடையில் பார்ப்பது போல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை போய்ப் பார்க்க வேண்டும். தெரு ரஸ்தா வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். தார் போடும்போதெல்லாம் ரஸ்தா வளரும், வீடு வளராது. தரை உயரமாக இருந்தால் வாசற்படி அதிகமாகுமே என்றால், படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும், பிடித்துக் கொள்ள ஒரு குழாயும் வைத்துக் கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு அற்பம். மொட்டை மாடிக்கு வெளிப்புறமாக ஒரு படியும் இருந்துவிட்டால் உத்தமம்.

குடிதண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கரும்பாறைக்குப் பூகர்ப்ப சாஸ்திரத்தில் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தா நகரத்தை ஸ்தாபித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக்கின் சமாதிக் கல் அந்த ஜாதிப் பாறையாக இருந்ததனால், ஹாலந்து என்னும் அறிஞர் 1893-ல் அந்தப் பெயரைச் சூட்டினார். பரங்கிமலைக் கல் கல்கத்தாவில் சமாதியானது ஒரு புறம் இருக்கட்டும். நமக்கு வேண்டிய சங்கதி, அந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறாது என்பது. மேலேயுள்ள சிதைந்த மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலும் மாத்திரமே தண்ணீர் கிடைக்கும். அடுத்த வீட்டு ஆழ்குழாயில் பொங்கி வருகிறது என்பதற்காக நம் வீட்டிலும் வரும் என்று எண்ண ஆதாரமில்லை. சித்திரை மாதக் கடைசியில் கிணற்றை எட்டிப் பார்த்தவர் பாக்கியசாலி. ஆகவே வீட்டை மழையில் ஒரு தடவையும் வெயிலில் ஒரு தடவையும் பார்க்க வேண்டும் என்று ஏற்படுகிறது. தரகர்களுக்கு இது பிடிக்காது. "நாளைக்கே வேறு பார்ட்டி வருகிறது" என்பார்கள். வரட்டும்.

இரண்டாவது வீடு மாடம்பாக்கத்துக்கு அருகில். அந்த ஊரில் தேனுபுரீசுவரர் கோயில் சோழர் காலத்தது; விமானம் யானையின் முதுகைப் போல் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. ஐயா கோயிலைச் சுற்றி வந்த பின், வீட்டைப் பார்க்காமலே வாங்கத் தயாராகிவிட்டார். வீடும் நன்றாகத்தான் இருந்தது. ஏரிக் காற்று ஜிலுஜிலு என்று வீசிற்று. நான் காகிதங்களைக் கேட்டேன்.

காகிதங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் ஒரு புராணமாகும்; சுருக்கமாகச் சொல்கிறேன். மூலப்பத்திரம், கிரயப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் எல்லோரும் கேட்பார்கள். வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் அது ரிஜிஸ்தர் ஆன விவகாரங்களைத்தான் காட்டும். ஒரு வீட்டு அலமாரியில் தூங்கும் பதிவாகாத உயிலையோ, அண்ணன் தம்பிகளுக்குள் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கையோ அது காட்டும் என்று நம்பியிருக்கக் கூடாது. பலர் கேட்க மறக்கிற ஐந்தாவது காகிதம் ஒன்று உண்டு. அதுதான் கிராம வரைபடம். அதை விரித்துப் பார்த்தால் எது ஏரி, எது ஓடை, எது களம், எது மயானம் என்று சர்வே நெம்பர் வாரியாகத் தெரிந்துவிடும். இந்த வீட்டு மனைக்கு ஒட்டினாற்போல் மூன்று பக்கம் ஏரியின் நெம்பர். நான்காவது பக்கத்து வழியும் புறம்போக்கு. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே 2007-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. மனை பட்டாவாகவே இருந்தாலும், போக வர வழி நாளைக்கு இல்லையென்று ஆகிவிட்டால், அவர்கள் என்ன, காற்றில் பறந்தா வீட்டுக்குப் போவார்கள்?

இன்னொரு சங்கதி. இந்தப் பிராந்தியத்தில் வயல்களைத் துண்டு போட்டு, அங்கீகாரம் இல்லாமலே விற்ற மனைகள் ஏராளம். அம்மாதிரி மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட்டு தடுத்தது. மறு வருஷம் சர்க்கார் வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20-ந் தேதி வரையில் ஏற்பட்ட மனைகளுக்கு மாத்திரம் கட்டணம் செலுத்தி ஒழுங்கு செய்து கொள்ள வழி வகுத்தார்கள். பழைய வீடு வாங்குகிறவர், "இருபது வருஷமாக வீடே நிற்கிறதே, இனி என்ன?" என்று இருந்துவிடாமல், மனைக்கு அந்த உத்தரவு இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நலம். வயோதிகர் வாங்கும் வீட்டை எப்போதாவது அவசரத்துக்கு விற்க வேண்டி வரும். வைத்தியச் செலவுக்காக விற்கும்போது, வாங்க வந்தவர் அதே கேள்வியைக் கேட்பார்.

செலவுக் கணக்கு எளிது. கிரயத் தொகை, சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. அறுபது லட்ச ரூபாய் வீட்டுக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். பெரிய வீட்டை விற்ற லாபத்துக்கு வரி உண்டு; விற்பதற்கு முந்திய ஒரு வருஷத்திலோ, விற்ற இரண்டு வருஷத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், அந்த வீட்டின் விலை அளவுக்கு விலக்கு. பெரியதை விற்றுச் சிறியதை வாங்குகிறவருக்கு லாபத்தில் ஒரு பங்கு மிஞ்சும் அல்லவா? ஆறு மாதத்துக்குள் அதற்கென்று ஏற்பட்ட கடன் பத்திரங்களில், ஐம்பது லட்சம் வரை, ஐந்து வருஷத்துக்குப் போட்டு வைத்தால் அதற்கும் வரியில்லை. இதையெல்லாம் ஆடிட்டர் சொல்வார். வீட்டை விற்ற பிறகு போனால், "முன்பே வந்திருக்கக் கூடாதா?" என்பதையும் சொல்வார்.

மூன்றாவது வீட்டுக்கு வருகிறேன். அகரம்தென்னையும் தாண்டி உள்ளே, ஒரு மெய்யான கிராமம். மயில் அகவிற்று. ஒரு கிரவுண்டுக்குமேல் இடம்; நடுவே எழுநூறு சதுர அடியில் கச்சிதமான வீடு; மூன்று தென்னை; மேட்டு நிலம்; கிணற்றில் தண்ணீர்; காகிதங்கள் சுத்தம். குற்றம் சொல்ல எதுவுமில்லை. நானே, "ஐயா, முடித்துவிடலாம்" என்று சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, தெருக்கோடி வரையில் நடந்து போய்த் திரும்பி வந்தார். மூச்சு வாங்கிற்று.

"பால் எங்கே வாங்குவது?" என்று கேட்டார்.

"ஒன்றரை மைல் தள்ளிக் கடை இருக்கிறது. நான் சைக்கிளில் போய் வாங்கி வந்துவிடுவேனே!" என்றார் ஐயா.

"நீங்கள் இல்லாதபோது?"

"எங்கே போகப் போகிறேன்?" என்று சொல்ல வாயெடுத்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் மூவரும் மயிலைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

தம்பதிகள் சேர்ந்து வீடு பார்க்கிறார்கள்; ஆனால் கடைசி வரையில் அந்த வீட்டில் இருக்கப் போவது ஒருவர். பெரும்பாலும் அந்த ஒருவர் மனைவி. வயதில் இளையவர், ஆயுளும் பெண்களுக்குச் சற்று அதிகம். வீட்டைத் தேர்ந்தெடுப்பவரோ பெரும்பாலும் கணவர். தம் சைக்கிளையும், தம் கார் லைசென்ஸையும், தம் காலின் பலத்தையும் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார். அவர் போன பின், இருட்டின பிறகு ஆட்டோ வராத தெருவில், தென்னை மட்டை விழும் சத்தத்துக்குத் திடுக்கிட்டுக் கொண்டு ஓர் அம்மாள் தனியே இருப்பாள். அமைதியான கிராமந்தான்! அப்போது அந்த அமைதியை என்ன செய்வது?

இதையே சட்டத்தின் வழியாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால், ஒருவர் காலமானதும் வீடு முழுவதும் மற்றவருக்கு வந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். அப்படியில்லை. 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன கணவருடைய பாதி, மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் இருந்தால் தாயார், இவர்களுக்குச் சம பங்காகப் போகும். என் நண்பர் குடும்பத்தில் மகன் ஒருவன், மகள் ஒருத்தி. அம்மாவுக்குத் தம் பாதியும், கணவர் பாதியில் மூன்றிலொன்றும் சேர்ந்து, மூன்றில் இரண்டு பங்கு. பாக்கி மூன்றிலொரு பங்கு பிள்ளைகளுடையது. பிள்ளைகள் தங்கமானவர்களே. ஆனால் வீட்டை விற்க வேண்டுமென்றால் சியாட்டிலிலிருந்து ஒரு கையெழுத்து, புனேயிலிருந்து ஒரு கையெழுத்து. மருமகப்பிள்ளைக்கு ஓர் அபிப்பிராயம், மருமகளுக்கு ஓர் அபிப்பிராயம். இரண்டு பக்கமும் உயில் எழுதி ரிஜிஸ்தர் செய்துவிட்டால் இந்தத் தொல்லையில்லை. ஐயா ஒரு சமயம், வீட்டை மகன் பெயருக்கே செட்டில்மெண்ட் எழுதிவிடலாமா என்று யோசித்தார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அவனுக்கு அங்கே வீடு இருக்கிறது, எனக்கு இங்கே வேண்டும்." 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம், பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற வழி செய்திருக்கிறது. நல்ல சட்டந்தான். கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

நான்காவது வீடு கிழக்குத் தாம்பரத்துக்கு அப்பால், பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே இரண்டாவது தெருவில். அமைதி என்று சொல்ல முடியாது. அடுத்த தெருவில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களில் காலை நாலரை மணிக்கே ஒலிபெருக்கி சுப்ரபாதம் பாடும். இடம் முக்கால் கிரவுண்டு. வீடு அறுநூற்றைம்பது சதுர அடி. தென்னை ஒன்றுதான், அதுவும் அடுத்த வீட்டுக்காரருடையது, நிழல் மாத்திரம் நமக்கு. மழை ஓய்ந்த மறுநாள் போனோம்; தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. அம்மா பால் கடை வரையில் நடந்து பார்த்தார். பிறகு மருந்துக் கடை, டாக்டர் வீடு, பிள்ளையார் கோயில். பக்கத்து வீட்டில் கதவு திறந்திருக்கிறதா என்றும் பார்த்தார். திறந்திருந்தது, ஓர் அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டே, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று விசாரித்தாள். இந்தக் கேள்வியைக் கேட்கும் அண்டை வீட்டுக்காரி, நகர வாழ்க்கையில் எரிச்சலான பிரகிருதி. முதுமையில் அவளைப் போல் காவல் கிடையாது. முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

இதோடு விஷயம் முடிந்ததென்று நான் நினைத்தேன். முக்கியமான பாகம் அதற்கப்புறந்தான் ஆரம்பமாயிற்று. ஆயிரத்து எண்ணூறு சதுர அடி வீட்டிலுள்ளதை அறுநூற்றைம்பதில் எப்படி வைப்பது? பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. கல்யாணத்துக்கு அம்மாவின் பிறந்தகத்தார் கொடுத்த பித்தளை அண்டா. அதில் வெந்நீர் போட்டு இருபது வருஷமாகிறது. தவலைகள், கங்காளம், அம்மி, ஆட்டுக்கல். ஒன்பது படிக் கொலுவுக்கு வேண்டிய பொம்மைகள். கூடத்து ஊஞ்சல் பலகை, பர்மாத் தேக்கு. ஐயாவின் புத்தகங்கள் நான்கு பீரோ. பழைய சாமான்காரர் வந்து ஊஞ்சலைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னார். ஐயா உள்ளே போய்விட்டார். புத்தகத்தைக் கிலோ கணக்கில் நிறுக்க வந்த இன்னொருவரை அம்மாதான் திருப்பி அனுப்பினார்.

பிள்ளைகளிடம் கேட்டால், "எல்லாவற்றையும் வைத்திருங்கள், அம்மா" என்று டெலிபோனில் உருகுகிறார்கள். எங்கே வைப்பது என்று சொல்வதில்லை. என் அபிப்பிராயத்தில், வீடு மாறுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே, மாதம் ஒரு அறை என்று காலி செய்யத் தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் லாரி வாசலில் நிற்கும்போது, எதை எறிவது என்று வயோதிகர்களைத் தீர்மானிக்கச் சொல்வது கொடுமை. அப்போது அண்டா மிஞ்சும், மூக்குக் கண்ணாடி தொலைந்து போகும்.

கொலுப் பொம்மைகளில் தசாவதாரமும் மரப்பாச்சியும் மாத்திரம் தாம்பரத்துக்குப் போகின்றன. மற்றவற்றை மகள் வந்து புனேவுக்குக் கொண்டு போகிறாள். அண்டா பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்கு. மூன்று பீரோப் புத்தகங்கள் எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு வந்து சேர்ந்தன; நானும் இரண்டு மாணவர்களும் பட்டியல் எழுதிக் கொண்டிருக்கிறோம். ஊஞ்சல் பலகையின் நீளத்தை ஐயா மூன்று தடவை அளந்துவிட்டார். புது வீட்டுக் கூடத்துக்கு அது ஒன்பது அங்குலம் அதிகம். தச்சரைக் கூப்பிட்டுப் பலகையை அறுப்பதா, அல்லது கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் அரைச் சுவரை எடுத்துவிடுவதா என்று இருவருக்கும் விவாதம் நடந்து கொண்டிருக்கிறது. ரிஜிஸ்திரேஷன் தை மாதத்தில்.